சம்பளம் 14,000, திரும்பிய பக்கமெல்லாம் கடன்: எங்கிருந்து தொடங்குவது?

"செலவைக் குறையுங்கள்" என்ற அறிவுரை இந்தப் பதிவில் இருக்காது. வாடகையும் அரிசியும் போனால் ஒன்றும் மிஞ்சாத வீட்டில் எதைக் குறைப்பது? திருப்பூரில் தையல் வேலையை நம்பி ஓடும் எங்கள் குடும்பத்தில் தண்டல் (தினமும் வந்து வசூலிக்கும் கடன்), குழுக் கடன், நகைக் கடன், கைமாற்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அதிலிருந்து வெளியே வரச் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இதில் முக்கியமானது ஒன்றுதான்: வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுக்கக் கூடாது. யாருக்கு முதலில் என்பதை நம் கணக்கு நோட்டுதான் சொல்ல வேண்டும்.

படி 1: நோட்டு போடுங்கள்

செல்போன் ஆப் வேண்டாம். தண்டலுக்கும் கைமாற்றுக்கும் அதில் இடமே கிடையாது. ஒரு நீள நோட்டு போதும், வீட்டில் இருவருமே எடுத்துப் பார்க்கலாம். யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது, மீதி அசல், வட்டி, ஈடாகக் கொடுத்தது (நகை, செக், கடனுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரும் புரோநோட்டு) என்று ஆறு கட்டம் போடுங்கள். பேசிய தொகையை எழுதாதீர்கள். பிடித்தம் போகக் கையில் வந்ததை மட்டும் எழுதுங்கள். வங்கி, ஃபைனான்ஸ் கடன்கள் விட்டுப்போகாமல் இருக்க, நம் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம்.

படி 2: உண்மையான வட்டியைக் கண்டுபிடியுங்கள்

நான் அதிக நேரம் திண்டாடியது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். இது எல்லாருக்கும் தெரியும். குழப்புவது தண்டல்தான்.

10,000 ரூபாய் தண்டல் என்று பேசி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். தினமும் வந்து அட்டையில் ஒரு கட்டத்தை டிக் அடித்துவிட்டுப் போவார்கள். "ஆயிரம்தானே, பத்து சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. மறுநாளே கரைய ஆரம்பித்துவிடுகிறது. சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருந்தது 4,500தான். 4,500க்கு நூறு நாள் வட்டி 1,000 என்றால் 22 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 80 சதவீதம்! பைக் கடனில் "ஃபிளாட் 12" என்று சொல்வதும் இதே வகைதான். அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி போடுவதால் உண்மையில் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். வங்கி நகைக் கடனோ பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இந்த எண்களை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

படி 3: வரிசை போடுங்கள்

சம்பளம் வந்ததும் வாடகை, அரிசி, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வேலைக்குப் போகும் பஸ் காசு ஆகியவற்றை எடுத்துத் தனியே வையுங்கள். அதில் கடன்காரர் யாருக்கும் பங்கில்லை. அடுத்து, ஏலத்துக்குப் போகவிருக்கும் நகைக்கு வட்டி மட்டும் கட்டித் தள்ளிப்போடுங்கள். அப்புறம் மற்ற எல்லாருக்கும் குறைந்தபட்சத் தவணை. மிஞ்சும் 200 ரூபாயும் சிவப்பு எண் பெரிதாக இருக்கும் கடனுக்கே. அது முடிந்ததும் அந்தத் தவணைப் பணத்தை அப்படியே அடுத்த பெரிய எண்ணுக்குத் திருப்புங்கள்.

ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுக்கவே எடுக்காதீர்கள். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ குறைந்த வட்டிக்கு நகை வைத்து தண்டலை முழுசாக முடிப்பது வேறு, அதைச் செய்யலாம்.

வட்டியில்லாத கைமாற்று கடைசியில்தான் வரும். ஆனால் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். "அண்ணி, இப்ப முடியாது. தை மாசத்துலேர்ந்து மாசம் 500 தரேன்" என்று தேதியும் தொகையும் சேர்த்துச் சொன்னால் உறவு கெடாது. ஒளிந்தால்தான் கெடும்.

படி 4: எழுத்தில் பேசுங்கள்

தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கடன் தந்த நிறுவனத்திடம் கடிதம் கொடுங்கள். நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடனுக்கு இவை பொருந்தும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448.

படி 5: மிரட்டினால்

தமிழ்நாட்டில் கந்து வட்டிக்கு எதிராக 2003லேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எண் 15100. "ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்" என்பார்கள். கடன் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமாகாது. செக் திரும்பினால் அது தனி வழக்கு, அதனால் வெற்றுச் செக் தராதீர்கள். கோர்ட் ஜப்தியிலும் தாலி, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவிகளைத் தொட முடியாது.

கடனால் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே 104 அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நோட்டை நாளைக்குப் போடலாம்.

பின்சேர்க்கை: புரோநோட்டுக்குக் கட்டிய பணத்துக்கு என்ன ஆதாரம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கட்டும் ஒவ்வொரு முறையும் அதன் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுத வைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். மொத்தமாகப் பேசி முடிப்பதாக இருந்தால் முதலில் அவர்களிடமிருந்து கடிதம், பிறகுதான் பணம். குறைத்துக் கட்டி முடித்தால் சிபிலில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டமாகும். எது எப்படியானாலும், கடைசித் தவணை கொடுக்கும் அன்றே புரோநோட்டையும் செக்கையும் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.