உணவு விஞ்ஞானம் படிக்கப் போகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிப் பனம்பாளையில் கட்டினால் கருப்பநீர் கிடைக்கும், பூசாமல் கட்டினால் கள்ளுக் கிடைக்கும் என்பதை நமது ஊரில் யாரும் புத்தகம் பார்த்து அறிந்துகொள்வதில்லை. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றுவதால் மதுவமும் பற்றீரியாவும் பெருக முடியாமற் போகின்றன. சாற்றிலுள்ள சீனியான சுக்குரோசு, குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடையாமல் நிற்கிறது. ஆகவே காய்ச்சும்போது பனங்கட்டி இறுகுகிறது. சாறு சற்றே புளித்துவிட்டாலும் பாகு இளகி ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த உடைவுதான். கைப்பழக்கமாக வந்த ஒன்றை ஏன் என்று கேட்டு, அளந்து, மற்றவருக்கு எழுதிக் காட்டப் பழகுவதே உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் என்ற பட்டப்படிப்பு. சமையற் கலை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் முதல் வருடத்திலேயே சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்ரீ ஜயவர்த்தனபுர, பேராதனை, சப்ரகமுவ, வயம்ப ஆகிய பல்கலைக்கழகங்களில் இத்துறையில் பட்டப்படிப்புகள் உள்ளன. பெயரும் பாடத்திட்டமும் ஒன்றுக்கொன்று வேறுபடும், வயம்பவில் போசணையும் சேர்ந்தே வரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் உணவு சார்ந்த பாடங்களைப் படிக்கலாம். அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான இசட் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை எடுத்து, தேவையான பாடச் சேர்க்கையையும் யாழ் மாவட்டத்துக்கான முன்னைய வெட்டுப்புள்ளிகளையும் நீங்களே வாசித்து விருப்ப வரிசையை நிரப்புங்கள். மருத்துவம் தவறியதால் கிடைத்த இடம் என்ற எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள்; அந்த எண்ணம் நான்கு வருடமும் படிப்பைக் கெடுக்கும்.

பெறுபேறு வந்த பின்னர் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பல மாதங்கள் கிடைக்கும். அந்தக் காலத்தில் உயர்தர இரசாயனவியலில் அமிலம், காரம், சமநிலை, சேதன இரசாயனம் ஆகிய அலகுகளை மீண்டும் படியுங்கள். விரிவுரைகள் ஆங்கில மொழிமூலம் நடப்பதால், நாளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, அதன் கருத்தை ஐந்து வரிகளில் ஆங்கிலத்திலேயே எழுதிப் பாருங்கள். கேட்டு விளங்குவது சில வாரங்களில் வந்துவிடும். செய்முறை அறிக்கை எழுதுவதுதான் நமது பிள்ளைகளுக்கு உண்மையில் கடினமாக இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு செய்முறையைச் செய்து பார்க்கலாம். பனங்கிழங்கைத் தோலுரித்துக் கிழித்து, சரியாக 100 கிராம் நிறுத்து, பாயில் பரப்பி வெயிலில் வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்து, நேரத்தையும் நிறையையும் கொப்பியில் குறித்து, மாலையில் அவற்றை வரைபாகக் கீறுங்கள். தொடக்கத்தில் நிறை வேகமாகக் குறையும். பிறகு வெயில் அதே அளவு எறித்தாலும் குறைவு மெதுவாகும், ஏனெனில் மேற்பரப்பு நீர் போன பின் உள்ளிருக்கும் நீர் வெளியே வரவே நேரம் எடுக்கிறது. இப்படிக் காயவைத்த கிழங்கான ஒடியல் வெளியே முறுகலாகத் தெரிந்தும் உள்ளே பூஞ்சணம் பிடிப்பது இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். கிழங்கில் 60 வீதம் நீர் இருந்தது என்று வைத்துக்கொண்டால், 10 வீத ஈரப்பதனுக்குக் காய்ந்ததும் நிறை எவ்வளவு இருக்கும்? அறுபதிலிருந்து பத்துக்கு வந்தால் ஐம்பது கிராம் நீர் போயிருக்கும், மீதி 50 கிராம் என்று முதலாம் வருடத்தில் நானும் எழுதினேன், விடை தவறு. நீர் போகப் போக மொத்த நிறையும் குறைகிறது. மாறாமல் நிற்பது 40 கிராம் திண்மம் மட்டுமே. அது இறுதி நிறையின் 90 வீதமாக இருக்கவேண்டும் என்பதால் விடை 44.4 கிராம். இந்த ஐந்தரைக் கிராம் வித்தியாசம்தான் மாரி முழுவதும் பழுதாகாமல் இருக்கும் ஒடியலையும் இடையிலேயே பூஞ்சணம் பிடிக்கும் ஒடியலையும் பிரிக்கக்கூடியது. ஆய்வுகூடத்தில் 105 பாகை செல்சியஸ் கனலடுப்பில் நிறை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, அந்த 60 வீதத்தையும் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

நுண்ணுயிரியலில் முதலில் மனதில் பதிக்கவேண்டிய எண் 4.6 என்ற பீஎச் பெறுமானம்; பீஎச் குறையக் குறையப் புளிப்புக் கூடும். அதற்குக் கீழே, அதாவது போதிய புளிப்புள்ள மாங்காய்ச் சட்னி போன்றவற்றில், குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்க முடியாது. நண்டுக் குழம்பைப் போத்தலில் அடைத்து அறை வெப்பநிலையில் விற்க நினைத்தால், 121 பாகையில் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குச் சமமான வெப்பம் போத்தலின் நடுப்பகுதிக்கும் சென்றாகவேண்டும். சாதாரணமாகக் கொதிக்கவைப்பதால் அந்தப் பற்றீரியாவின் வித்திகள் சாகமாட்டா. ஊரில் நல்ல மனத்தோடு சிறுதொழில் தொடங்கும் பலர் இதை அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

கைத்தொழில் பயிற்சிக்கு இடம் தேடும்போது பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல், உற்பத்தி வரிசையில் நிற்கவும் பதிவேடுகளை வாசிக்கவும் விடுவார்களா என்று கேளுங்கள். தென்பகுதியில் பயிற்சி பெறுவதாயின் பேச்சுச் சிங்களம் தேவைப்படும். தொழிலாளருடன் பேச முடியாதவருக்குத் தொழிற்சாலையின் பாதி விடயம் தெரியாமலே போகும். இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடுவோர் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒருமுறை சென்று வரலாம். பனம்பழக் களியின் கசப்புக்குப் பிளாபெலிபெரின் என்ற சபோனின் வகைச் சேர்வைகளே காரணம் என்று ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. கசப்பை நீக்கிய களியைக் காயவைத்துச் செய்த பனாட்டின் நிறமும் மணமும் சேமிப்பில் எப்படி மாறுகின்றன என்பதை மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பதற்கே ஓர் ஆய்வு போதாது. மேற்பார்வையாளரிடம் இப்படியான ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்.