உங்கள் கேம் டேபிளில் ஒரு ஓநாய்: துணை விலங்கை நடத்துவது எப்படி

"என் கேரக்டரோடு ஒரு ஓநாயும் வரலாமா?" என்று ரோல்பிளே கேமில் (ஆளுக்கொரு கேரக்டராக மாறி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) பிளேயர் கேட்டால், கதையை நடத்தும் நீங்கள் புது கேம் மாஸ்டராக இருந்தாலும் தாராளமாகச் சரி சொல்லுங்கள். கதைக்கு அது பெரிய வரவு. அந்த விலங்கை யார் எப்போது இயக்குவது என்பதை மட்டும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். துணை விலங்கால் ஆட்டம் இழுபட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். உதாரணங்களுக்கு அப்படி ஒரு கேமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த வகை விலங்கு?

'ஃபைண்ட் ஃபமிலியர்' மந்திரத்தில் வரும் ஆந்தை போன்ற ஃபமிலியர் (மந்திரத் துணை) யாரையும் தாக்காது. உளவு பார்க்கும், கூட்டாளிக்கு உதவும் ஹெல்ப் ஆக்‌ஷன் செய்யும். பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சரின் (விலங்கைப் பழக்கி வைத்திருக்கும் காட்டு வீரர்) விலங்கு கூடவே நின்று சண்டை போடும். காசு கொடுத்து வாங்கிய நாய் சாதாரண நாய்தான். ஆபத்தான இடத்தில் அது சொன்னபடி கேட்குமா என்பதற்கு அனிமல் ஹேண்ட்லிங் (விலங்கைக் கையாளும் திறன்) ரோல் கேளுங்கள், அதாவது பகடை உருட்டச் சொல்லுங்கள்.

படி 2: யார் இயக்குவது?

சண்டையில் பிளேயர். மற்ற நேரத்தில் கட்டளை பிளேயருடையது, அதை விலங்கு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது உங்களுடையது. "கதவை மோந்து பார்க்கச் சொல்கிறேன்" என்று அவர் சொல்லட்டும். "மோந்ததும் பின்வாங்குகிறது, முதுகு மயிர் சிலிர்த்து நிற்கிறது" என்று நீங்கள் சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் என்ன என்று சொல்லாமலேயே மொத்த மேசையும் நிமிர்ந்து உட்காரும்.

படி 3: ஒரு சின்ன அட்டை

சண்டைக்கு நடுவில் புத்தகத்தைப் புரட்டக் கூடாது. தேவையான எண்களை ஓர் அட்டையில் எழுதி பிளேயர் கையில் கொடுங்கள். 3ஆம் லெவல் ரேஞ்சரின் நில விலங்கு (நம் ஓநாய் இந்த வகை) என்றால் (2020இல் வந்த விருப்ப விதிப்படி) ஆர்மர் கிளாஸ் (அதை அடிக்க எதிரிக்கு வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு) 20, வேகம் 40 அடி, அடித்தால் சேதம் 1டி8+4 (ஒரு 8 பக்கப் பகடையில் விழுவதோடு 4).

படி 4: சண்டையில் அதன் முறை

5ஆம் பதிப்பின் மூல விதியான 2014 விதியில் விலங்கு தாக்க வேண்டுமென்றால் ரேஞ்சர் தன் முறையின் முக்கியச் செயலான ஆக்‌ஷனையே செலவழிக்க வேண்டும். 2020 விதியில் கூடுதல் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும்; கட்டளை இல்லாவிட்டால் விலங்கு டாட்ஜ் செய்யும் (அடிபடாமல் விலகப் பார்க்கும்). புதியவர்களுக்கு நான் எப்போதும் இரண்டாவதையே சொல்வேன். பிளேயர் தன் வில்லைக் கீழே வைக்காமலே ஓநாயையும் அனுப்பலாம்.

ரேஞ்சரின் ஒரு டர்னைப் பார்ப்போம். 30 அடி தூரத்தில் ஒரு காப்ளின் (குட்டி அரக்கன்). ஓநாய் குறைந்தது 20 அடி நேராக ஓடிப்போய் அடித்தால் கூடுதலாக 1டி6 சேதம். ஸ்ட்ரெங்த் சேவில் (வலிமையால் தாக்குப்பிடிக்க உருட்டும் பகடை) தோற்றால் காப்ளின் விழும். விழுந்தவனைத் தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்), பக்கத்தில் நின்று வெட்டினால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்). அதனால் முதலில் அம்பு, அப்புறம் ஓநாய். அடுத்து வரும் வாள்வீரருக்குக் கொண்டாட்டம். இந்த வரிசையை பிளேயருக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள், பிறகு அவரே பார்த்துக்கொள்வார். நேரம் மிச்சமாக, இரண்டு நிறத்தில் 20 பக்கப் பகடை கொடுத்து அம்புக்கும் ஓநாய்க்கும் சேர்த்தே உருட்டச் சொல்லலாம்.

படி 5: மறந்துவிடாதீர்கள்

சண்டை முடிந்ததும் விலங்கு காணாமல் போவது நிறைய மேசைகளில் நடக்கிறது. உங்கள் குறிப்பில் ஒவ்வொரு காட்சிக்கும் அதற்கென்று ஒரு வரி போதும். சத்திரக்காரர் அதை உள்ளே விடுவாரா? கயிற்றுப் பாலத்தில் கால் வைக்குமா?

படி 6: செத்தால் என்ன?

இதை ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டாக வேண்டும். வீட்டில் வளர்த்த நாயைப் போன மாதம்தான் பறிகொடுத்த ஒருவர் உங்கள் மேசையில் இருக்கலாம். விதிகளிலேயே வழிகள் உண்டு. ஃபமிலியரின் ஹிட் பாயிண்ட் 0 ஆனால் அது மறைந்துவிடும். மந்திரத்தை மறுபடி போட்டு வரவழைக்கலாம். 2020 விதியின் விலங்கு செத்து ஒரு மணி நேரத்துக்குள் ரேஞ்சர் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போடும் ஒரு வாய்ப்பை) செலவழித்தால் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும். வாங்கிய நாய்க்கு அப்படி எதுவும் இல்லை. அதற்கும் பிளேயர் கேரக்டர்களைப் போலவே டெத் சேவ் (சாகாமல் தப்பிக்க உருட்டும் பகடை) கொடுங்கள், அல்லது "மயங்கும், சாகாது" என்று எல்லோருமாக முடிவு செய்து அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.