சலைன் பாட்டிலைப் பார்த்தீர்கள், யூரின் பையைப் பார்த்தீர்களா?

சித்திரை வெயில் ஏறினால் மதுரையில் எங்கள் வார்டுக்கு 'சோடியம் 115' என்று, ரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்திருப்பதாகக் காட்டும் ரிப்போர்ட்டுகள் வரத் தொடங்கிவிடும். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள், "உப்பு இறங்கிடுச்சு சார், ஏத்திடலாம்" என்பார்கள். இருபது வருடம் முன்பு நானும் இதையேதான் சொன்னேன். இதில் நாம் செய்யும் பெரிய தப்புகளை மட்டும் சொல்கிறேன். சின்னச் சின்னக் கவனப்பிசகுகளை விட்டுவிடுகிறேன், அவை தானாகத் தேறும்.

உப்புக் கணக்காகப் படிப்பது

குழம்பு சப்பென்று இருந்தால் உப்பு குறைந்திருக்கலாம், தண்ணீரும் கூடியிருக்கலாம். இங்கே பெரும்பாலும் தண்ணீர்தான். ரத்தம் ஒரு சதவீதம் நீர்த்தாலே மூளையின் ஹைப்போதலாமஸ் கண்டுகொள்ளும். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஏ.டி.எச் ஹார்மோன் அடங்கும், சிறுநீரகம் மிச்சத் தண்ணீரை வெளியே விடும். சோடியம் 135-க்குக் கீழே போய்விட்டால், பெரும்பாலும் அந்த ஹார்மோன் அடங்க மறுக்கிறது என்று பொருள். ஏன் என்று முதலில் கேளுங்கள்.

யூரின் பையைப் பார்க்காதது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர். பிரஷருக்குத் தயாசைடு மாத்திரை (உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுவது), மூன்று நாள் வாந்தி, சோடியம் 112. நார்மல் சலைன் போட்டேன். அதுவரை சரி. சாயங்காலம் யூரின் பை நிறைந்துகொண்டே இருந்தது, நிறமில்லாத வெறும் தண்ணீர் மாதிரி. "கிட்னி நல்லா வேலை செய்யுதுப்பா" என்று மகனிடம் சொல்லிவிட்டு ஜிகர்தண்டா குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை 129. 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறக் கூடாது, 17 ஏறியிருந்தது. பாட்டி தெளிவாகப் பேசினார், இட்லி சாப்பிட்டார், எல்லோருக்கும் சந்தோஷம். நாலாம் நாள் நாக்குக் குழறியது. அப்புறம் விழுங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். உடம்பு வற்றியதால் ஏ.டி.எச் சுரந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. சலைன் அந்த வறட்சியைத் தீர்த்ததும் ஹார்மோன் நின்றது, தேங்கிய தண்ணீர் மொத்தமும் கொட்டியது. நீர்த்த ரத்தத்துக்குப் பழகியிருந்த மூளைச் செல்கள் இந்த வேகத்தைத் தாங்காது. மூளைத்தண்டில் நரம்புகளின் உறை உரிந்துபோகும்.

பை மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் உடனே சோடியத்தை மறுபடி பாருங்கள். ஏற்றத்தை நிறுத்த டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் தண்ணீர்) இருக்கிறது, ஏ.டி.எச் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரசின் மருந்து இருக்கிறது. ராத்திரி இரண்டு மணியானாலும் என்னை எழுப்புங்கள். திட்ட மாட்டேன்.

எல்லோருக்கும் சலைன்

ஏ.டி.எச் காரணமில்லாமல் சுரப்பவருக்கு சலைனின் உப்பு சிறுநீரில் போய்விடும், தண்ணீர் தங்கிவிடும். சோடியம் இன்னும் இறங்கும்.

சர்க்கரை பார்க்காதது

ரத்தச் சர்க்கரை 600 இருந்தால் சோடியம் குறைவாகத்தான் காட்டும்.

வலிப்பு வந்தபிறகும் யோசிப்பது

அடர்த்தியான 3 சதவீத சலைன், 100 மில்லி, உடனே.