பசுமை மாற்றத்தில் மழைக்கு எவ்வளவு பங்கு? செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிடும் முறை

ஓரிடத்தில் இருபது ஆண்டுகளில் பசுமை கூடியதா, குறைந்ததா என்று பார்ப்பது எளிது. அதில் மழைக்கும் வெப்பத்துக்கும் எவ்வளவு பங்கு என்று சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். செயற்கைக்கோள் தரவை இணையத்திலேயே அலசும் தளமான கூகுள் எர்த் எஞ்சினில் ஒரு பயனர் கணக்கும், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிப் பழக்கமும் இருந்தால் தொடங்கலாம்.

படி 1: தரவு

பசுமைக்கு, மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் எம்ஓடி13க்யூ1 (MOD13Q1) தரவுத் தொகுப்பு. ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு சிறு கட்டம், 250 மீட்டர்; 16 நாளுக்கு ஒரு படம், ஆண்டுக்கு 23. தரவு 2000 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. ஆகவே 2001 முதல் எடுங்கள். மழைக்கு சிர்ப்ஸ் (CHIRPS) தரவின் இரண்டாம் பதிப்பு (ஒரு பிக்சல் ஏறத்தாழ 5.5 கி.மீ.), வெப்பநிலைக்கு இஆர்ஏ5-லேண்ட் (ERA5-Land) தரவு. பின்னது கெல்வினில் இருக்கும், 273.15ஐக் கழியுங்கள்.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையின் 30 மீட்டர் கூர்மை ஆசை காட்டும். ஆனால் அதன் பழைய, புதிய கருவிகளின் அளவீடுகள் சற்றே வேறுபடும். அந்த வேறுபாடே பசுமைப் போக்குபோலத் தெரியக்கூடும். முதல் ஆய்வுக்கு மோடிஸே நல்லது.

படி 2: சுத்தம் செய்தல்

என்டிவிஐ (NDVI) என்பது அந்தத் தொகுப்பிலுள்ள பசுமைக் குறியீடு; அதன் மதிப்பை 0.0001ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு பிக்சலின் தரத்தையும் சொல்லும் பட்டையில் (SummaryQA) 2 பனி, 3 மேகம், இரண்டையும் நீக்குங்கள். 1 என்பது சுமாரான தரம். அதையும் நீக்கினால் மழைக்காலத்தில், செடிகள் துளிர்க்கும் நேரத்தில், படமே மிஞ்சாமல் போகலாம். மாதத்துக்கு ஒரு மதிப்பாக, உச்ச மதிப்பை எடுங்கள். அடர்காட்டில் என்டிவிஐ 0.8ஐத் தாண்டியபின் அதிகம் நகராது. அங்கே அதே தொகுப்பிலுள்ள இன்னொரு பசுமைக் குறியீடான இவிஐயைப் (EVI) பயன்படுத்துங்கள்.

படி 3: மனிதர் கை பட்ட நிலத்தை விலக்குதல்

பாசன வயல் மழை பொய்த்தாலும் பச்சையாக இருக்கும். எம்சிடி12க்யூ1 (MCD12Q1) நிலப்பரப்பு வரைபடத்தில், ஐஜிபிபி (IGBP) என்ற நிலவகைப் பட்டியலின் வகை 12, 13, 14 (பயிர்நிலம், நகரம், கலப்புப் பயிர்நிலம்) ஆகியவற்றை மறைத்துவிடுங்கள்.

படி 4: ஒரே கட்டம்

மழைத் தரவை 250 மீட்டருக்கு நறுக்கினால் புதுத் தகவல் எதுவும் கிடைக்காது. படம் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். பசுமைத் தரவைச் சராசரி எடுத்து 5.5 கி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். மழையை மாதக் கூட்டுத்தொகையாகவும் வெப்பத்தை மாதச் சராசரியாகவும் மாற்றுங்கள்.

படி 5: பருவத்தைக் கழித்தல்

இதைத் தவறவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். மழையும் பசுமையும் ஆண்டுதோறும் ஏறி இறங்குபவை. அப்படியே ஒப்பிட்டால், ஓராண்டின் மழை மறு ஆண்டின் பசுமையோடுகூட நன்றாகப் பொருந்தும்! எனவே எல்லா ஜூன் மாதங்களின் சராசரியைக் கண்டு, ஒவ்வொரு ஜூனிலிருந்தும் அதைக் கழியுங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கும் இப்படியே செய்தால் விலகல்கள் கிடைக்கும். நீண்டகால ஏற்ற இறக்கப் போக்கையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரே திசையில் ஏறும் எந்த இரண்டு வரிசையும் உறவுள்ளதுபோலக் காட்டும்.

படி 6: தாமதமும் பகுதி ஒட்டுறவும்

மழை பெய்த உடனே இலை வராது. மழை விலகலை 0, 1, 2, 3 மாதங்கள் பின்தள்ளி, வலுவான உறவு எதில் வருகிறது என்று பாருங்கள். புல்வெளி விரைவில் பதில் சொல்லும். ஆழவேர் மரங்கள் மெதுவாக. மழையில்லா மாதங்களில் வெயிலும் ஏறுவதால், வெப்பத்தை நிலையாக வைத்து மழையின் உறவையும், மழையை நிலையாக வைத்து வெப்பத்தின் உறவையும் தனித்தனியே கணக்கிடுங்கள். இதுதான் பகுதி ஒட்டுறவு.

படி 7: எஞ்சியதன் போக்கு

மழை, வெப்பம் இரண்டையும் கொண்டு பசுமையை மதிப்பிடும் சமன்பாட்டை அமையுங்கள். இங்கே வளர்பருவத்தின் ஆண்டுச் சராசரிகளைப் பயன்படுத்துங்கள். இந்தப் படியில் தேடுவதே போக்கு என்பதால் அதை நீக்காதீர்கள். உண்மை மதிப்பிலிருந்து மதிப்பீட்டைக் கழித்து, மிஞ்சியதற்கு சென் சாய்வு (Sen's slope: எல்லா ஆண்டு இணைகளின் சாய்வுகளுக்கும் இடைநிலை மதிப்பு) காணுங்கள். எர்த் எஞ்சினில் ஆண்டுப் பட்டை முதலிலும் மிஞ்சியதன் பட்டை இரண்டாவதாகவும் வரவேண்டும். மாற்றிவிட்டால் பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தவறும். மிஞ்சியதில் தெளிவான போக்கு இருந்தால், மழையும் வெப்பமும் விளக்காத வேறொன்று அங்கே நடக்கிறது.

உயரத்தையும் சரிவையும் இந்தச் சமன்பாட்டில் சேர்க்காதீர்கள். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. கணக்கு முடிந்தபின், முடிவுகளை உயர வாரியாகப் பிரித்துப் பார்க்க மட்டும் அவை உதவும்.

கடைசியாக, போக்கு வலுவாக உள்ள பத்துப் பிக்சல்களின் காலவரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். மெல்லச் சரியாமல் ஒரே மாதத்தில் படியாக விழுந்திருந்தால் காட்டுத்தீயாக இருக்கலாம். எம்சிடி64ஏ1 (MCD64A1) என்ற, எரிந்த நிலப்பரப்பைக் காட்டும் தரவில் அந்த மாதத்தைத் தேடுங்கள்.