வீட்டுக்குள்ளயே காணாம போன பொருளை சண்டை இல்லாம கண்டுபிடிக்கிறது எப்படி

சாவி, மூக்குக்கண்ணாடி, ரிமோட், நெயில் கட்டர், ஒத்தையா நிக்கிற சாக்ஸ், எந்த வீட்டுலயும் காணாம போறது திரும்பத் திரும்ப இதே அஞ்சாறு பொருள்தான், அதுவும் எல்லாரும் கிளம்பி வாசல்ல நிக்கிற நேரத்துலதான் காணாம போகும். உடனே "யார் எடுத்தா?"ன்னு ஒருத்தர் சத்தம் போட, "நான் தொடவே இல்ல"ன்னு எல்லா ரூம்ல இருந்தும் பதில் வர, தேடுறது நின்னு போய் சண்டை ஆரம்பிச்சிடும். முதல்ல அந்தக் கேள்வியை விட்ருங்க. அப்படிக் கேட்டா எல்லாரும் தன் மேல பழி வராம பாத்துக்கதான் யோசிப்பாங்க, ஞாபகப்படுத்திப் பாக்க மாட்டாங்க, சின்னப் பசங்க பயத்துல தெரிஞ்சதையும் சொல்லாதுங்க. "கடைசியா எப்ப பாத்த, அப்ப அது எங்க இருந்துச்சு?"ன்னு கேளுங்க, பதில் வரும்.

அடுத்தது, "எனக்கு மறதி வந்துடுச்சு"ன்னு பயப்படாதீங்க. பெரும்பாலும் இது மறதியே இல்ல. ஒரு பொருளை கை வைக்கும்போது மனசு வேற எங்கயோ இருந்துச்சுன்னா, வச்ச இடம் மூளையில பதிவே ஆகாது. பதிவாகாததை எவ்வளவு யோசிச்சாலும் எப்படி ஞாபகம் வரும்? அதனால "எங்க வச்சேன்"னு உக்காந்து மண்டையை உடைக்கிறத விட்டுட்டு "அப்ப நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்"னு கேளுங்க. வாசல்ல இருந்து மறுபடி நடந்து வாங்க, உள்ள வந்தேன், போன் அடிச்சுது, தோள்ல போனை இடுக்கிக்கிட்டே ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணி பாட்டில் எடுத்தேன், பாட்டில் எடுக்கணும்னா ஒரு கை காலியா இருக்கணுமே, அப்ப கையில இருந்த சாவி எங்க போச்சு? ஃபிரிட்ஜ் மேல பாருங்க, இல்லன்னா ஃபிரிட்ஜுக்கு உள்ள பாட்டில் இருந்த இடத்துல பாருங்க, ஜில்லுன்னு அங்கதான் கிடக்கும். கை எப்ப காலியாக வேண்டி வந்துச்சோ அங்கதான் பொருள் இருக்கும், இத மட்டும் பிடிச்சுக்கிட்டாலே பாதி பொருள் கிடைச்சிடும்.

ஒரு ரூமுக்குள்ள வேகமா போயி "எதுக்கு வந்தேன்"னு முழிக்கிறதும் இது மாதிரிதான். நோட்ரே டாம் பல்கலைக்கழகத்து கேப்ரியல் ராட்வான்ஸ்கியும் அவர்கூட வேலை பாத்தவங்களும் 2011ல வெளியிட்ட ஆய்வுல, ஒரே ரூமுக்குள்ள அதே தூரம் நடக்கிறவங்களை விட வாசல் தாண்டிப் போறவங்க கையில இருந்த விஷயத்தை அதிகமா மறக்கிறாங்கன்னு பாத்திருக்காங்க. அதனால தேடப் போறப்ப என்ன தேடுறோம்ங்கிறதை வாய்விட்டு சொல்லிக்கிட்டே போங்க, "கத்திரிக்கோல், கத்திரிக்கோல்"னு. கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா 2012ல கேரி லுப்யானும் டேனியல் ஸ்விங்லியும் செஞ்ச சோதனையில, நிறைய படத்துக்கு நடுவுல நல்லாத் தெரிஞ்ச ஒரு பொருளைத் தேடுறப்ப அதோட பேரைச் சொல்லிக்கிட்டே தேடினா வேகமா கண்ணுல பட்டிருக்கு.

இப்ப தேடுற விதம். எல்லா வீட்டுலயும் "அம்மா தேடினாதான் கிடைக்கும்"னு ஒரு பேச்சு இருக்கும். காரணம் ரொம்ப சிம்பிள், மத்தவங்க ரூம் வாசல்ல நின்னு கண்ணால ஒரு ரவுண்டு பாத்துட்டு "இங்க இல்ல"ன்னு சொல்லிடுவாங்க, அம்மா ஒவ்வொண்ணையும் தூக்கிப் பாப்பாங்க. அதோட யார் எதை எங்க போடுவாங்கன்னு வீட்டு மேப்பு முழுசும் அவங்க தலையில இருக்கும், அதுவும் ஒரு வேலைதான், அதை ஒரே ஆள் தலையில ஏத்தி வைக்கிறது நியாயமே இல்லங்கிறது என் கருத்து. நீங்களும் தூக்கிப் பாருங்க. எப்பவும் இருக்க வேண்டிய இடத்துல இருந்தே ஆரம்பிங்க, பேப்பருக்கு அடியில, டவலுக்கு அடியில, டிராயரை முழுசா வெளிய உருவி அதுக்குப் பின்னாடி, ஏன்னா டிராயர் ரொம்பி வழிஞ்சா பொருள் பின்பக்கமா விழுந்துடும். ஒருத்தர் பாத்த இடத்தை இன்னொருத்தர் பாக்கட்டும், ஒரே கண்ணு திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் பாக்கும். சோபா இடுக்குல மட்டும் வெறுங்கையை விடாதீங்க, ஊசியோ ஸ்டேப்ளர் பின்னோ இருக்கலாம், டார்ச் அடிச்சு ஸ்கேலால தள்ளி எடுங்க.

கண்ணாடி இல்லாம கண்ணாடியைத் தேடுறது தனிக் கொடுமை. கிட்டப்பார்வை உள்ளவங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, போன் கேமராவை ஆன் பண்ணி ஸ்கிரீனை முகத்துக்குக் கிட்ட வச்சுக்கிட்டு அது வழியா ரூமைப் பாருங்க. தூரத்துல இருக்கிறது கிட்ட ஸ்கிரீன்ல தெரியுறதால எல்லாம் தெளிவா இருக்கும். அதுக்கு முன்னாடி நெத்தியில ஏத்தி வச்சிருக்கீங்களான்னு ஒரு தடவை தடவிப் பாத்துக்கோங்க, கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறது எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதான்.

தோட்டுத் திருகாணி, ஸ்க்ரூ மாதிரி குட்டிப் பொருள் கீழ விழுந்துட்டா யாரையும் நடக்க விடாதீங்க. லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைத் தரையோட தரையா படுக்க வச்சு மெதுவா சுத்துங்க, சின்னத் துணுக்குக்கும் நீளமா நிழல் விழும், மெட்டல்னா மின்னும். அப்பவும் கிடைக்கலைன்னா அதே மாதிரி இன்னொண்ணை அதே உயரத்துல இருந்து கீழ போட்டு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. வேக்வம் கிளீனர் இருந்தா குழாய் வாயில மெல்லிசு சாக்ஸை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு கட்டிலுக்கு அடியில விடுங்க, பொருள் துணியில வந்து ஒட்டிக்கும்.

ஆனா காணாம போனது பட்டன் பேட்டரியோ குட்டி மேக்னட்டோ, வீட்டுல சின்னக் குழந்தையும் இருக்குன்னா இது தேடுற விஷயமே இல்ல. முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. பட்டன் பேட்டரி உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ளயே மோசமா புண்ணாக்கிடும். குழந்தை நல்லாத்தானே விளையாடுதுன்னு காத்திருக்க வேண்டாம், முதல்ல வெளிய எதுவும் தெரியாமலும் இருக்கலாம்.

சாக்ஸுக்கு வருவோம். முன்பக்கம் கதவு இருக்கிற வாஷிங் மெஷின்ல கதவைச் சுத்தி இருக்கிற ரப்பரோட மடிப்பை விரல் விட்டு விரிச்சுப் பாருங்க, நிறைய சாக்ஸ் அங்கதான் ஈரமா சுருண்டு கிடக்கும். தலையணை உறைக்குள்ள, பேண்ட் கால்குள்ளயும் பாருங்க. காசு, ஹேர்பின்னெல்லாம் மெஷினோட அடியில இருக்கிற ஃபில்டர்ல நிக்கும், அதைத் திறக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு தட்டு வச்சுக்கோங்க, தேங்கின தண்ணி கொட்டும். இனிமே ஜோடியை வலைப்பையில போட்டு துவைச்சா இந்தத் தொல்லையே இல்ல.

போன் சைலண்ட்ல இருந்தா கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல. இன்னொரு போன்லயோ கம்ப்யூட்டர்லயோ அதே கூகுள் அக்கவுண்ட்ல, ஐபோன்னா ஆப்பிள் அக்கவுண்ட்ல போயி ரிங் பண்ணுங்க, போன் ஆன்ல இருந்து நெட்டும் இருந்தா சைலண்ட்ல இருந்தாலும் சத்தமா அடிக்கும்.

எல்லாத்தையும் விட கஷ்டம் "பத்திரமா எடுத்து வச்ச" பொருள்தான். அவசரத்துல வச்சது கண்ணுல படும், பத்திரமா வச்சது அவ்வளவு சீக்கிரம் படாது, ஏன்னா நாமளே வழக்கமில்லாத இடமா பாத்து யோசிச்சு ஒளிச்சு வச்சிருப்போம். முக்கியமான பேப்பரை அப்படி வைக்கிறப்ப வச்ச இடத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, வீட்டுல இன்னொரு ஆள்கிட்டயும் சொல்லி வைங்க.

கிடைச்சதும் சத்தமா சொல்லிடுங்க, உள்ள ஒருத்தர் இன்னும் தேடிட்டு இருப்பாங்க. நடுவுல பிள்ளையைத் திட்டியிருந்தீங்கன்னா அதுக்கும் ஒரு சாரி சொல்லிடுங்க. அப்புறம் அந்தப் பொருளை கிடைச்ச இடத்துலயே திரும்ப வைக்காதீங்க, முதல்ல எந்த இடத்துல போயி தேடினீங்களோ அங்க வைங்க, உங்க மனசு அதுக்குன்னு நினைச்சு வச்சிருக்கிற இடம் அதுதான். சாவிக்குன்னா அங்கயே ஒரு கொக்கி அடிச்சிடுங்க, பிள்ளைங்களுக்கும் கை எட்டுற உயரத்துல.