உமி, நார்க்கழிவு கொண்டு நச்சு உலோகம் நீக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உமி, தென்னை நார்க்கழிவு, கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தொலி எல்லாமே கழிவுநீரில் கரைந்திருக்கும் காரீயம், காட்மியம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். இவற்றின் நார்ப்பொருளில் உள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்னும் வேதித் தொகுதிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. செலவு குறைவு என்பதால் கல்லூரி புராஜெக்டுகளில் இது விருப்பமான தலைப்பு. செய்யட்டும், நல்லதுதான். ஆனால் உலோகம் அழியாது, இடம்தான் மாறும். தண்ணீரை விட்டுப் போனது இப்போது எங்கே இருக்கிறது என்று கடைசிவரை விடாமல் கேட்க வேண்டும்.

இதில் ஆளை அதிகம் ஏமாற்றுவது குரோமியம். முலாம் பட்டறைக் கழிவில் வருவது ஆறு இணைதிறன் (பிற அணுக்களோடு சேரும் திறனின் அளவு) கொண்ட வகை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியதும் இதே வகைதான். இதை அளக்க டைஃபீனைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள், ஊதா நிறம் வரும். அமிலம் விட்டு பி.எச். அளவை (எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) 2-க்குக் கொண்டுவந்து, நார்க்கழிவைப் போட்டு நன்றாகக் கலக்கி வைத்தால், பிறகு எடுக்கும் மாதிரியில் அந்த ஊதா வராது. உடனே "நூறு சதவீதம் நீக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் நார்க்கழிவில் இயற்கையாகவே உள்ள லிக்னின், டானின் என்ற பொருள்கள் அதில் ஒரு பகுதியை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றியிருக்கும். இந்தச் சோதனைக்கு அது தெரியவே தெரியாது. அவ்வளவு அமிலத்தில் அந்த மூன்று இணைதிறன் வகை நாரில் சரியாக ஒட்டவும் செய்யாது, தண்ணீரிலேயே நிற்கும். நச்சு குறைந்தது உண்மை, குரோமியம் போனது உண்மையல்ல. அதனால் மொத்தக் குரோமியத்தையும், வகை பாராமல் உலோகத்தை அளக்கும் அணு உறிஞ்சல் கருவியில் அளந்தே ஆக வேண்டும். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு நம் நாட்டு விதியும் இரண்டு வரம்புகளைத் தனித்தனியாகச் சொல்கிறது: ஆறு இணைதிறன் வகை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தம் 2 மில்லிகிராம்.

குரோமியத்துக்குச் சொன்ன பி.எச். 2-ஐ அப்படியே காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் போடுவது அடுத்த தவறு. இவை நேர்மின் அயனிகள், 5-க்கும் 6-க்கும் இடையில்தான் நன்றாகப் பிடிபடும். சரி என்று இன்னும் மேலே ஏற்றினால் ஹைட்ராக்சைடாக வீழ்படிய, அதாவது கரையாமல் திடமாகப் பிரிய, தொடங்கும், அந்தப் பெருமையும் உமியின் கணக்கில் ஏறிவிடும். உமியே போடாத ஒரு குடுவையையும் கூடவே வைத்தால் இது பிடிபட்டுவிடும்.

அப்புறம், கணக்கு. தோல் பதனிடும்போது வெளியேறும் குரோம் நீரில் லிட்டருக்கு 3 கிராம் குரோமியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டரில் 3 கிலோ. ஒரு கிராம் உமி 20 மில்லிகிராம் பிடிக்கும் என்றால்கூட 150 கிலோ உமி வேண்டும். இந்த நீருக்கு உமி தோதான வழியே இல்லை. அதைத் தனியாகப் பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்துவதுதான் முறை. உமிக்கு வேலை அதற்குப் பிறகு மிஞ்சும் சிறு அளவில்தான். அங்கேயும் கட்டுரைகளில் போட்டிருக்கும் உச்ச அளவை நம்பக் கூடாது. அது செறிவு அதிகமான நீரில் கிடைத்த எண், செறிவு குறையக் குறைய பிடிப்பும் குறையும். ஒரே ஒரு உலோகத்தின் உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் செய்த சோதனைக்கும் நிஜக் கழிவுநீருக்கும் வித்தியாசம் நிறைய. நிஜ நீரில் கால்சியமும் மக்னீசியமும் அதே இடத்துக்குப் போட்டி போடும்.

கழுவாத நார்க்கழிவைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். டானினும் உப்பும் இறங்கி, கரிமச் சுமை (நீரில் கலந்த கரிமப் பொருளின் அளவு) கூடும். பலமுறை அலசி, தெளிந்த நீர் வந்த பிறகே பயன்படுத்த வேண்டும். மாவாக அரைத்தால் அதிகம் பிடிக்கும் என்று அரைத்து, கழிவுநீரை ஊடே விடும் குழாயில் நிரப்பினால் அது அடைத்துக்கொள்ளும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேலை முடிந்த உமியை என்ன செய்கிறார்கள் என்பதுதான். பார்க்க அது பழைய உமி போலவே இருக்கும். எருக்குழியில் கொட்டினால் உலோகம் வயலுக்குப் போகும். அடுப்பிலோ சூளையிலோ எரித்தால் காட்மியமும் காரீயமும் புகையோடு கிளம்பும். சாம்பலின் காரத்தில் மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடி ஆறாக மாறவும் கூடும். அமிலத்தால் அலசி உலோகத்தை மீட்கலாம், ஆனால் அலசிய நீரையும் ஒரு வழி பண்ண வேண்டும். மீட்க முடியாததை அபாயகரக் கழிவாகவே கருதி, பையில் கட்டி, பெயர் எழுதி, அதற்கென அனுமதி பெற்ற நிலநிரப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் போட்ட பிறகுதான் இந்த முறை மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.