ஊட்டிக்கு செல்ஃப் டிரைவ் கார்: கிரெடிட் கார்டு எந்தச் சேதத்துக்குப் பணம் தரும்?

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் அண்ணன் கோவை விமான நிலையத்தில் செல்ஃப் டிரைவ் காரை எடுத்துக்கொண்டு, “என் கார்டிலேயே இன்சூரன்ஸ் இருக்கு” என்று சொல்லி மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடிப்பார். அவர் சொல்வது பாதி உண்மை. அங்கே வழங்கப்படும் பல கார்டுகளில் வாடகைக் காரின் சேதத்தை ஏற்கும் வசதி உண்டு. அது இந்தியாவிலும் செல்லும் கார்டுகள் இருக்கின்றன. ஆனால் நிபந்தனைகளில் ஒன்று பிசகினாலும் கைக்காசுதான். அதில் பெரும்பாலானவை பிசகுவது மலையில் அல்ல, கீழே சாவி வாங்கும் இடத்தில்.

இந்திய வங்கிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரும்பாலான கார்டுகளில் இந்த வசதி கிடையாது. கையேட்டில் இருப்பது விமான விபத்துக் காப்பீடு, கார்டு தொலைந்தால் பொறுப்பு, சில கார்டுகளில் வாடகைக் கார் நிறுவனங்களிடம் தள்ளுபடி. தள்ளுபடியைப் பார்த்துக் காப்பீடு என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் கார் நிறுவனம் தரும் சேதப் பாதுகாப்புத் திட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தருவதை எடுத்துக்கொள்வதே நல்லது.

வெளிநாட்டுக் கார்டு என்றால், கிளம்புவதற்கு முன் கார்டின் பின்பக்க எண்ணில் பேசி, மூன்று கேள்விக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் செல்லுமா? எத்தனை நாள் வரை? வாடகையோடு காப்பீடு கட்டாயமாகச் சேர்ந்தே வந்தால் என்ன செய்வது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். கார் நிறுவனம் தரும் சேதப் பாதுகாப்புத் திட்டத்தை வேண்டாம் என்று மறுக்க வேண்டும் என்பது இந்தக் கார்டுகளின் வழக்கமான விதி. நம்மூரில் அதை வாடகைக்குள்ளேயே சேர்த்து, “இத்தனை ஆயிரம் வரை உங்கள் பொறுப்பு” என்று எழுதிவிடுவார்கள், மறுக்க வழியில்லை. அப்படியானால் அந்த உச்சவரம்புத் தொகையையாவது கார்டு தருமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டு வாடகைக்குத் தொடர்ந்து 31 நாள் என்பது பல கார்டுகளில் உள்ள வரம்பு. ஒன்றரை மாதத்துக்கு ஒரே ஒப்பந்தமாக எடுத்தால் 32-ஆம் நாளிலிருந்து மட்டும் பாதுகாப்பு போகாது. முதல் நாளிலிருந்தே இல்லை என்று கார்டு நிறுவனம் சொல்லிவிடலாம்.

அடுத்தது பணம். முன்பணம் 2,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பச் சொல்வார்கள், மீதியைக் கார்டில் தேய்ப்பார்கள். அங்கேயே கிளெய்ம் செத்துவிடும். வாடகை முழுவதும் அந்த ஒரே கார்டில் போயிருக்க வேண்டும், ஒப்பந்தமும் கார்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும். டெபாசிட்டைத் தனியாக யுபிஐயில் கொடுத்திருந்தால் அது வாடகை அல்ல, டெபாசிட் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஓட்டப்போகிற எல்லார் பெயரும் ஒப்பந்தத்தில் வேண்டும். மலை ஏறத் தெரியும் என்று மச்சானிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தால், அவர் பெயர் இல்லாத நிலையில் அவர் இடித்தது கணக்கில் வராது. வெளிநாட்டு லைசென்ஸ்காரர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். பழைய இந்திய லைசென்ஸை நம்பியிருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளவும். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் பொருந்தாது. நீங்கள் ஓட்டவில்லையே!

நம்பர் பலகையையும் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் சட்டப்படியான செல்ஃப் டிரைவ். வெள்ளைப் பலகைக் காரைத் தெரிந்தவர் மூலம் நாள் வாடகைக்கு எடுத்தால் இரண்டு பக்கமும் அடி: தனியார் காரின் பாலிசி வாடகை ஓட்டத்தை ஏற்காது; கார்டோ, வாடகை நிறுவனத்திடம் எடுத்த வண்டியா என்று கேட்கும். தனி நபரின் காரைச் செயலி வழியாக எடுப்பதையும் பல கார்டுகள் பெயர் சொல்லியே விலக்குகின்றன.

சாவி கைக்கு வந்ததும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். பொதுவாக விடுபடுவது இவை: நான்கு ரிம், பம்பரின் அடிப்பக்கம், கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, இடது பக்கக் கதவுகளின் கீழ் விளிம்பு. நீலகிரியில் எஸ்டேட் சாலைகள் குறுகல். எதிரே பஸ் வந்தால் ஓரத்துக் கல் சுவரிலோ வாய்க்காலிலோதான் ஒதுங்க வேண்டும். இடது பக்கம்தான் உரசும்.

கிளட்சையும் அங்கேயே சோதியுங்கள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே திணறி அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துபோன வண்டி. வேறு கார் கேளுங்கள். ஒருமுறை செய்தால் போதும், விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? பர்லியார் தாண்டி சீசன் நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்தால் தட்டு கருகும். அது விபத்து அல்ல, தேய்மானம் என்பார்கள். கார்டும் தராது, மோட்டார் பாலிசியும் தராது. ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. டயர் மட்டும் வெடித்தால் சாதாரண மோட்டார் பாலிசியில் பணம் இல்லை. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான், அதுவும் புது டயர் விலையில் பாதி.

எங்கே ஓட்டினீர்கள் என்பதும் கேட்கப்படும். தார் போடாத தேயிலைத் தோட்டப் பாதையில் ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) உடைந்தால் கார்டு கைவிரிக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை. தடையை மீறிப் போய் இடித்தால் விதிமீறல் என்ற ஒரு வார்த்தையில் கோப்பை மூடிவிடலாம். கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். வண்டி எண்ணைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதால், கார் மாற்றித் தந்தால் பாஸையும் மாற்றுங்கள்.

இடித்துவிட்டதா? வண்டியை நகர்த்துவதற்கு முன் படம். சுவரானாலும் காட்டுமாடானாலும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எதிர் வண்டிக்காரரிடம் ரொக்கம் கொடுத்து முடித்துவிட்டால் கிளெய்முக்குக் காகிதமே இருக்காது. அவருடைய சேதத்துக்குக் கார்டு எப்படியும் தராது, அது வாடகை வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டின் வேலை. கார்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். கெடு சில கார்டுகளில் 30 நாள்தான்.

பிறகு சேர்க்க வேண்டியவை: ஒப்பந்தத்தின் முன்பக்கமும் பின்பக்கமும், கார்டு ஸ்டேட்மென்ட், நிறுவனம் உங்களிடம் பணம் கேட்டு எழுதிய கடிதம், பழுதுபார்ப்பு மதிப்பீடு, ஜிஎஸ்டி எண்ணுள்ள பில். துண்டுச் சீட்டில் “டிங்கரிங் 18,000” என்று எழுதியதை எவரும் ஏற்க மாட்டார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கு வாடகை கேட்டால், அந்த நாட்களில் மற்ற வண்டிகளெல்லாம் ஓட்டத்தில்தான் இருந்தன என்பதைக் காட்டும் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். அது இல்லாமல் கார்டு அந்தத் தொகையைத் தராது. சிறு நிறுவனங்களிடம் அப்படியொரு பதிவேடே இருக்காது. அதைச் சொல்லித்தான் தொகையைக் குறைக்கப் பேச வேண்டும்.